மிம்பரும் வாக்குச் சாவடியும்

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. காரைக்குடியில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்த நம்மை ஒரு வாலிபர் ஸலாம் கூறி நிறுத்தினார். அவர் முகத்தில் கோபம் ஆறவில்லை. முந்தின இரவு ஜமாஅத் கூட்டத்தில் நடந்ததை நம்மிடம் விவரித்தார்.

மஹல்லாவின் வாக்குகள் அனைத்தும் இன்ன வேட்பாளருக்கே என்று ஜும்ஆவில் அறிவிப்புச் செய்ய வேண்டும் எனச் சிலர் கேட்டார்களாம். முத்தவல்லி மறுத்துவிட்டாராம். குரல்கள் உயர்ந்து, கூட்டம் பாதியிலேயே கலைந்துவிட்டது. மறுத்தவரைக் கோழை என்றுகூடச் சிலர் சொல்லிவிட்டார்களாம்.

"ஹஜ்ரத், கோபித்துக்கொள்ளக் கூடாது, ஒன்று கேட்கிறேன். ஊர் உலகமெல்லாம் மதத்தைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்கிறது. நாம் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டுமா? மதச்சார்பின்மை என்கிற மூட்டையைச் சுமக்க நம் தலைதானா கிடைத்தது?" என்றார் அந்த வாலிபர்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டபடியால் இரண்டொரு வார்த்தை சொல்லிவிட்டுப் புறப்பட்டோம். சொன்ன பதில் நமக்கே நிறைவளிக்கவில்லை. அந்த வாலிபரின் கேள்வி இன்று நம் சமுதாய இளைஞர்கள் பலரின் உள்ளத்திலும் குமுறிக்கொண்டிருக்கிற கேள்விதான். எனவே அதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம், இன்ஷா அல்லாஹ்.

மூன்று ஏடுகள்

செட்டிநாட்டுச் சீமையில் வாழ்பவர்கள் ஒரு வழக்கத்தை நன்கறிவார்கள். நகரத்தார் பெருமக்கள் ஒவ்வொருவரும் பிள்ளையார்பட்டி, இலுப்பைக்குடி, இரணியூர், வேலங்குடி முதலான ஒன்பது நகரக் கோயில்களில் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்தவராக இருப்பார். திருமணம் ஆனதும் அந்தக் கோயில் கணக்கில் அவர் ஒரு 'புள்ளி' ஆகிறார். பர்மாவுக்குப் பிழைக்கப் போனாலும், மலாயாவுக்குப் போனாலும், அந்தப் புள்ளிதான் அவர் இன்னார் என்பதற்கு அடையாளம்.

நம்மிடமும் அப்படியோர் ஏடு உண்டு. ஜமாஅத்தின் தலைக்கட்டுக் கணக்கு அது. வரி கட்டுவதும், நிக்காஹ் பதிவதும், கடைசியில் மையவாடியில் ஆறடி மண் பெறுவதும் அந்த ஏட்டின் வழியாகவே நடக்கின்றன. கோயில் கணக்கும் ஜமாஅத் கணக்கும் கண்ணியமானவை. அவை இல்லையேல் மனிதன் திக்கற்றவன் ஆவான்.

ஆனால் மூன்றாவதாக ஓர் ஏடு இருக்கிறது. அதுதான் வாக்காளர் பட்டியல். அதிலே புள்ளியும் கிடையாது, தலைக்கட்டும் கிடையாது. 18 வயது நிரம்பியவர் எவராயினும் அவர் பெயர் தனியாக நிற்கிறது. அத்தாவுக்கு ஒரு வாக்கு, அம்மாவுக்கு ஒரு வாக்கு, மகளுக்கு ஒரு வாக்கு. ஒரு தொகுதிக்கு ஒரே பொதுப் பட்டியல்தான் இருக்க வேண்டும், மதம், இனம், சாதி, பால் ஆகியவற்றைக் காட்டி எவரையும் அதிலிருந்து விலக்கக் கூடாது என்று நம் அரசியல் சட்டத்தின் 325ஆவது பிரிவு கூறுகிறது.

இந்த ஏடு எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1909ஆம் ஆண்டு மிண்டோ-மார்லி சீர்திருத்தத்தின்படி வெள்ளையர் ஆட்சி முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி முறையைக் கொண்டு வந்தது. முஸ்லிம் தனி, மற்றவர் தனி என்று வாக்காளர்கள் பிரிக்கப்பட்டார்கள். அப்போதும் சொத்து, வரி, படிப்பு உள்ள ஒரு சிலருக்கே வாக்கு. ஏழை முஸ்லிமுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

நாடு விடுதலை அடைந்தபின் இந்த முறை நீடிக்க வேண்டுமா என்ற விவாதம் அரசியல் நிர்ணய சபையில் எழுந்தது. 1949 மே மாதத்தில் நம் தமிழகம் தந்த தலைவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள், தனித்தொகுதி தொடர வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்து வாதாடினார்கள். அதே சபையின் ஒரே முஸ்லிம் பெண் உறுப்பினரான பேகம் ஐஜாஸ் ரசூல் அதற்கு எதிராகப் பேசினார். பிரித்துவைக்கும் பாதுகாப்பு, சிறுபான்மையினரை நிரந்தரமாக ஒதுக்கிவைத்துவிடும் என்பது அவருடைய கருத்து. இருவருமே சமுதாயத்தின் நலனை நாடியவர்கள்தாம். சபை காயிதே மில்லத்தின் திருத்தத்தை ஏற்கவில்லை.

பிறகு என்ன நடந்தது என்பதுதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியது. தோற்றுப்போன காயிதே மில்லத் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடவில்லை. தாம் எதிர்த்து வாதாடிய அந்தப் பொதுத்தொகுதி முறையிலேயே நின்றார்கள். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்து மஞ்சேரியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அது முஸ்லிம்கள் நிறைந்த பகுதிதான். ஆயினும் பட்டியல் பொதுப் பட்டியல். இந்துச் சகோதரரின் வாசலிலும் போய் நின்று வாக்குக் கேட்டால்தான் அங்கே நாணயமான அரசியல் நடத்த முடியும். வாதத்தில் தோற்றாலும் வீட்டை விட்டு வெளியேறாமல் இருக்கும் இந்தப் பண்பைத்தான் ஜனநாயகம் என்கிறோம்.

அல்லாஹ்வின் பெயர் வாக்கெடுப்பில்

மதச்சார்பின்மை என்றால் மதமின்மை என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். 'இது நாத்திகர்கள் நம் தலையில் கட்டியது' என்று மேடையிலே பேசுவோரும் உண்டு. அவர்களுக்காக ஒரு சரித்திர உண்மையை இங்கே நினைவூட்டுகிறோம்.

1949 அக்டோபர் 17ஆம் நாள். அரசியல் சட்டத்தின் முகவுரையை அந்தச் சபை விவாதித்துக்கொண்டிருந்தது. ஹெச்.வி. காமத் என்ற உறுப்பினர், முகவுரை கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68. திருத்தம் வீழ்ந்தது.

எதிர்த்த அனைவரும் நாத்திகர்களா? இல்லை. திருவிதாங்கூரின் பட்டம் தாணு பிள்ளை தாம் இறைநம்பிக்கையுள்ளவர் என்று சொல்லிக்கொண்டே எதிர்த்தார். நம்புவதும் நம்பாதிருப்பதும் மனிதனின் உரிமை, சட்டத்தின் முகப்பில் அதை எழுதிவைத்தால் நம்பாதவனையும் நம்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதாக ஆகும் என்பது அவர் வாதம். இறைவனின் பெயரை வாக்கெடுப்புக்கு விட்டு அவமதிக்க வேண்டாமே என்று வருந்திக் கேட்டுக்கொண்ட அம்மையாரும் அந்தச் சபையில் இருந்தார்.

மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது சூரத்துல் பகராவின் 256ஆவது வசனம் நமக்குக் கற்பித்த பாடமல்லவா? பதவிப் பிரமாணத்தின் வாசகத்தைப் பாருங்கள். கடவுளின் பெயரால் சத்தியம் செய்பவர் செய்யலாம், உளமார உறுதி கூறுபவர் கூறலாம். இரண்டு வாசலும் திறந்திருக்கின்றன. இதுவே நம் நாட்டு மதச்சார்பின்மையின் உருவம்.

'மதச்சார்பற்ற' என்ற சொல் முகவுரையில் ஏறியது 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தில்தான். நெருக்கடி நிலைக் காலத்தில் நுழைந்த சொல் என்று குறை கூறி அதை நீக்கக் கேட்டுத் தொடுத்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 25 அன்று தள்ளுபடி செய்தது. சொல் பிந்தி வந்திருக்கலாம். பொருள் 25ஆவது பிரிவிலும் 325ஆவது பிரிவிலும் தொடக்கம் முதலே இருந்து வருகிறது. 1994இல் பொம்மை வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதனை அரசியல் சட்டத்தின் அடிப்படைப் பண்பு என்று உறுதி செய்தது.

எனவே, அது நாம் பிறருக்காகச் சுமக்கும் மூட்டையல்ல. தமிழகத்தில் 2011 கணக்குப்படி நூற்றுக்கு ஆறு பேர்கூட முழுதாக இல்லாத நாம், பாங்கு சொல்லித் தொழுது, நிக்காஹ் முடித்து, மையித்தை அடக்கம் செய்து வாழ்வதற்குத் தலைக்கு மேல் இருக்கும் கூரையே அதுதான். கூரையைச் சுமை என்று எண்ணிப் பிடுங்கிப் போடலாமா?

வாக்கு என்பது சாட்சியம்

சரி, நன்மை தீமைக் கணக்கை விட்டுவிடுவோம். நமக்கு லாபம் என்பதற்காக மட்டும் ஒன்றைப் பிடித்துக்கொண்டால், நட்டம் வரும் நாளில் அதைக் கைவிட்டுவிடுவோம். மார்க்கம் என்ன சொல்கிறது என்பதே நமக்கு முக்கியம்.

'மஆரிஃபுல் குர்ஆன்' தஃப்ஸீரை எழுதிய முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) போன்ற உலமாப் பெருமக்கள், வாக்களிப்பதை ஒரு ஷஹாதத், அதாவது சாட்சியம் என்று விளக்கியிருக்கிறார்கள். 'இவர் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர்' என்று நாம் அல்லாஹ்வுக்கு முன்னால் சாட்சி சொல்கிறோம். அது பரிந்துரையும் ஆகும். அவர் செய்யப்போகும் நன்மையிலும் தீமையிலும் பரிந்துரைத்தவருக்குப் பங்கு உண்டு.

சாட்சியத்தைப் பற்றித் திருமறையின் கட்டளை எப்படிப்பட்டது? நமக்கே எதிராக இருந்தாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும், நீதியில் உறுதியாக நின்று சாட்சி சொல்லும்படி சூரத்துன் னிஸாவின் 135ஆவது வசனம் நம்மைப் பணிக்கிறது. அப்படியிருக்க, ஒரு ஜமாஅத் தன் மக்களைப் பார்த்து, 'நீங்கள் அனைவரும் இன்ன சாட்சிதான் சொல்ல வேண்டும்' என்று உத்தரவு போடலாமா? கோர்ட்டிலே சாட்சிகளுக்கு முன்கூட்டியே பாடம் சொல்லிக் கொடுப்பவரை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்?

இதே சூராவின் 105ஆவது வசனம் முதல் தொடரும் வசனங்களுக்குத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் ஒரு நிகழ்ச்சியைக் கூறுவார்கள். மதீனாவிலே துஃமா என்பவன் ஒரு வீட்டில் கவசத்தைத் திருடி, அதை ஒரு யூதரிடம் கொண்டுபோய் வைத்துவிட்டான். பொருள் யூதரின் வீட்டில் அகப்பட்டது. துஃமாவின் குலத்தார் ஒன்று திரண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். தங்கள் ஆளுக்காக வாதாடும்படி வேண்டினார்கள். வந்தவர்கள் முஸ்லிம்கள், பழி சுமந்தவர் யூதர். மதீனாவில் அன்று யூதர்களோடு உறவு எவ்வளவு கசந்திருந்தது என்பதையும் நாம் அறிவோம்.

அப்போது வஹீ இறங்கியது. துரோகிகளுக்காக வாதாடுபவராக ஆகிவிட வேண்டாம் என்று நபியவர்களையே அது எச்சரித்தது. தன் குற்றத்தை நிரபராதியின் மேல் சுமத்துபவனைக் கண்டித்தது. ஒரு யூதரின் மானத்தைக் காக்க, ஒரு முஸ்லிம் குலத்தாரின் கூட்டு வேண்டுகோளை ரப்புல் ஆலமீன் புறக்கணித்தான். கியாமத் நாள் வரை அந்த வசனங்களை நாம் தொழுகையில் ஓதிக்கொண்டே இருப்போம்.

சிந்தித்துப் பாருங்கள், சகோதரர்களே! 'நம்ம ஆள்' என்ற ஒரே காரணத்துக்காகக் குலம் முழுவதும் ஒரே குரலில் பேசியது. அந்த ஒற்றுமையை அல்லாஹ் மெச்சவில்லை. தன் சமூகத்தை நேசிப்பது அஸபிய்யத் ஆகுமா என்று ஒருவர் நபியவர்களிடம் கேட்டபோது, ஆகாது, அநீதியில் தன் சமூகத்துக்குத் துணைபோவதே அஸபிய்யத் என்ற கருத்தில் அண்ணலார் விடையளித்ததாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. இந்தக் கோட்டைத்தான் நம் இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

குறை சொல்வது வேறு, கூட்டம் சேர்ப்பது வேறு

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழலாம். "எங்களுக்கென்று குறைகள் இருக்கின்றன. முஸ்லிம் என்பதற்காகவே வாடகைக்கு வீடு மறுக்கப்படுகிறதே! அதைத் தேர்தலில் பேசினால் அதுவும் மதவாதமா?" என்று கேட்கலாம்.

இல்லை. இந்த வேறுபாட்டை நாட்டின் உயர்ந்த நீதிபதிகளே முழு ஒற்றுமையோடு தீர்க்க முடியவில்லை. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது முறைகேடு என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு கூறுகிறது. யாருடைய மதம் என்ற கேள்வி எழுந்தது. வேட்பாளரின் மதம் மட்டுமா, வாக்காளரின் மதமும் சேருமா? ஏழு நீதிபதிகள் அமர்ந்த உச்ச நீதிமன்ற ஆயம் 2017 ஜனவரி 2 அன்று தீர்ப்பளித்தது. எவருடைய மதத்தைக் காட்டியும் வாக்குக் கேட்கக் கூடாது என்று நால்வர் கூறினர். மூவர் மாறுபட்டனர். மதத்தாலும் சாதியாலும் மொழியாலும் மக்கள் அடைந்த துன்பங்களைத் தேர்தல் மேடையில் பேசவே கூடாது என்றால், ஜனநாயகம் வெறும் கூடாகிவிடும் என்பது அந்த மூவரின் கவலை.

அந்தக் கவலையில் உண்மை இருக்கிறது. நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007இல் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைத்தது. நாம் நம் பின்தங்கிய நிலையை எடுத்துச் சொன்னோம். முஸ்லிமல்லாதவர்கள் மிகப் பெரும்பான்மையாக இருக்கும் சட்டமன்றம் அதனை ஏற்றுச் சட்டமாக்கியது. குறையைச் சொல்லி நியாயம் கேட்டால் பிறரும் நமக்காகச் சாட்சி சொல்ல முடியும். 'நம்மவர் என்பதால் போடுங்கள்' என்று கேட்டால் பிறர் வாய் அடைத்துப்போகும். முன்னதை மேடையில் உரக்கச் சொல்வோம். கட்சி அமைத்தும் சொல்லலாம், காயிதே மில்லத் அவர்கள் அதைத்தான் செய்தார்கள். பின்னதை எந்த மேடையிலும் சொல்ல வேண்டாம்.

மேடையில் சொல்லத் தக்கதைக்கூட மிம்பரில் ஏற்ற முடியாது. வணக்கத்தலங்களை அரசியல் காரியங்களுக்குப் பயன்படுத்துவதை 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. கோயிலுக்கும் சர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும் அது பொது. சட்டம் ஒருபுறமிருக்க, அதபையும் எண்ணிப் பாருங்கள். குத்பாவின்போது பக்கத்தில் பேசுகிறவரைப் பேசாதே என்று சொல்வதுகூட வீண்பேச்சு என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுங்கு. எதிர்வார்த்தை பேச முடியாத அந்த அமைதி அல்லாஹ்வின் திக்ருக்காக மக்கள் மனமுவந்து தந்த அமானிதம். அதிலே ஒரு வேட்பாளரின் பெயரை நுழைப்பது அமானித மோசடியாகும். அதே ஸஃப்பில் வேறொரு கட்சிக்காரரும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார் அல்லவா? அவர் எங்கே போவார்?

மற்றவர்கள் செய்கிறார்களே!

வாலிபரின் கேள்வியில் மிகக் கூர்மையான பகுதி இதுதான். நாம் மழுப்ப விரும்பவில்லை. மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பவர்கள் இந்நாட்டில் வெற்றி பெறத்தான் செய்கிறார்கள். சட்டம் இருந்தும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகின்றன. நேர்மையாக நிற்பவருக்கு நட்டம் வரக்கூடும். அதைத் தெரிந்தே நாம் எழுதுகிறோம்.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை, நீதி தவறும்படி உங்களைத் தூண்டிவிட வேண்டாம் என்ற பொருளில் சூரத்துல் மாயிதாவின் 8ஆவது வசனம் எச்சரிக்கிறது. மற்றவர்கள் நேர்மையாக நடந்தால் நீங்களும் நடங்கள் என்று அங்கே நிபந்தனை இல்லை. மேலும், பிறர் செய்யும்போது அநீதி என்று நாம் எதைக் கண்டிக்கிறோமோ அதையே நாம் செய்தால், கண்டிக்கும் உரிமையை இழந்துவிடுகிறோம். பிறகு நம் குறையை எந்த நியாயத்தின் பெயரால் சொல்வது?

'மற்றவர்கள்' என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதும் அநீதியே. காரைக்குடியிலேயே வள்ளல் அழகப்பச் செட்டியார் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வாரிக் கொடுத்தார். 1948இல் பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். அது நாட்டுக்கே பொதுச் சொத்தானது. 1939இல் சா. கணேசன் அங்கே தொடங்கிய கம்பன் கழகம் தமிழகமெங்கும் கம்பன் கழகங்கள் தோன்ற வித்திட்டது. பின்னாளில் சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக அமர்ந்தவர் நாகூரில் பிறந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயில் அவர்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், சென்னைச் சிறையில் அரசியல் கைதிகள் அடிக்கப்பட்டதை விசாரித்த ஆணையமும் அவருடையதே. அடிபட்டவர் எந்த மதம் என்று பார்த்தா அவர் உண்மையை எழுதினார்? ஒரு முஸ்லிம் பொதுவாழ்வில் சொல்லும் சாட்சியம் அப்படி இருக்க வேண்டும்.

மிம்பர் எதைப் பேச வேண்டும்?

அப்படியானால் தேர்தல் காலத்தில் ஆலிம்கள் வாய் திறக்கவே கூடாதா? நிச்சயமாகத் திறக்க வேண்டும். வாக்களிக்காமல் வீட்டில் படுத்துக்கொள்வது சாட்சியத்தை மறைப்பதற்கு ஒப்பாகும் என்று சொல்லட்டும். வாக்குக்குப் பணம் வாங்குவது லஞ்சம், லஞ்சம் கொடுப்பவரும் வாங்குபவரும் நபியவர்களின் சாபத்துக்குரியவர்கள் என்று சொல்லட்டும். 2019இல் பெரும் பணம் பிடிபட்டதால் வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தலே ரத்தாகி ஆகஸ்டில் மறுபடி நடந்ததே, அது நம் ஜமாஅத்துகள் நிறைந்த பகுதியல்லவா? வீட்டுப் பெண்களின் வாக்கை ஆண்கள் தீர்மானிக்க வேண்டாம், அது அவர்களின் சொந்தச் சாட்சியம் என்று சொல்லட்டும். வேட்பாளரின் நாணயத்தை விசாரியுங்கள் என்று சொல்லட்டும். பெயரை மட்டும் சொல்ல வேண்டாம். பெயரைக் கண்டுபிடிப்பது ஒவ்வொரு முஃமினின் பொறுப்பு. நாளை மஹ்ஷரில் 'ஜமாஅத் சொன்னது, போட்டேன்' என்ற பதில் செல்லாது.

காரைக்குடி வாலிபருக்கு அன்று நாம் சொல்லத் தவறியது இதுதான்: தம்பி! மறுத்த முத்தவல்லி கோழையல்ல. தம் மக்களின் கூச்சலுக்கு நடுவே தனித்து நின்று, அந்த மக்களின் சாட்சியத்தை அவர்களிடமே விட்டுவைத்தார். முடிந்தால் இன்று இஷாவுக்குப் பின் அவர் வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்லிவிட்டு வாருங்கள். கூட்டத்தில் பேசிய வார்த்தைகளுக்காக மன்னிப்பும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு வாக்குச் சாவடிக்குத் தனியே போங்கள். அந்தத் திரைக்குப் பின்னால் ஜமாஅத்தும் இல்லை, கட்சியும் இல்லை. நீங்களும் உங்களைப் படைத்தவனும் மட்டுமே.

நீதியில் நிலைத்து நின்று, அவனுக்காகவே சாட்சி சொல்லும் நன்மக்களாக நம் அனைவரையும் வல்ல நாயன் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.